கடைத்தெரு ஓரத்தில் பூங்காவா, பார்க்கிங்கா?



பல ஊர்களில் கடைத்தெருவை ஒட்டி ஒரு பொது இடம் கிடக்கிறது. பாதி புதர், பாதி குப்பை. பூங்கா என்று எழுதிய துருப்பிடித்த பலகை மட்டும் தொங்கும். அந்த இடத்தை வாகனம் நிறுத்தக் கேட்டு வாங்கலாம் என்ற பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. லோடு இறக்கவும் வாடிக்கையாளர் வண்டி நிறுத்தவும் நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. என்றாலும் அந்த இடம் பூங்காவாகவே இருப்பதுதான் நமக்கு நல்லது என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுவோர், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே 1959-ல் தனிச் சட்டமும் வந்தது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கிடைக்காத இடம் நம் வண்டிகளுக்குக் கிடைக்குமா? வழக்குச் செலவுதான் மிஞ்சும்.

பூங்காவால் வியாபாரம் கெடும் என்பதும் சரியல்ல. சென்னை தியாகராய நகரை 1920-களில் உருவாக்கியபோது நடுவில் பனகல் பூங்காவை வைத்தே தெருக்களை வகுத்தார்கள். தமிழ்நாட்டின் பெரிய ஜவுளி, நகை வியாபாரம் அந்தப் பூங்காவைச் சுற்றித்தான் வளர்ந்தது. பக்கத்துப் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தி நடைவளாகம் அமைத்தார்கள். வண்டி நிறுத்தத் தனியாக அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள். நிற்கவும் உட்காரவும் நிழல் கிடைத்தால் மனிதர்கள் அவசரமில்லாமல் சாமான் வாங்குவார்கள்.

யாருக்காகப் பூங்கா?

நம் கடைக்கு வருவோரை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையோடு தாய்மார், முட்டி வலியோடு முதியோர், ஊன்றுகோலோடு வருபவர், பார்வையற்றவர். இவர்கள் அத்தனை பேரும் வர முடியாத இடத்தைப் பொதுப் பூங்கா என்று சொல்லக் கூடாது.

தடை வாசலிலேயே தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று குறுக்கே குழாய் நட்டு விடுகிறார்கள். சக்கர நாற்காலியும் அங்கேயே நின்று விடுகிறது. வழி குறைந்தது 3 அடி வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்கக் காவலாளி போதும். படி இருந்தால் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. இதைக் குறைத்துச் செங்குத்தாகக் கட்டினால் அது சறுக்குமரம்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல 2022 நவம்பரில் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது. பிறகு பழுது பார்த்தார்கள். கட்டுவது ஒரு செலவு, காப்பது தொடர் செலவு என்பதற்கு இது நல்ல பாடம்.

பெஞ்சுக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் அவசியம். கைப்பிடி இல்லாவிட்டால் முதியவர் உட்கார்ந்த பிறகு எழ முடியாது. செடிவேலி இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. மறைவும் இருட்டும் இருந்தால் பெண்கள் வரமாட்டார்கள். கழிவறை கட்டிப் பூட்டி வைப்பது கட்டாததற்குச் சமம். நம் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கும் அது உதவும்.

தண்ணீர்க் கணக்கு

புல்தரை பார்க்க அழகுதான். ஆனால் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தாலும் ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, தினம் சுமார் 1,100 லிட்டர் வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் ஊருக்கு இது கட்டுப்படியாகாது. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் வைத்தால் முதல் இரண்டு மூன்று ஆண்டு பாதுகாத்தால் போதும். பிறகு நிழல் நமக்கு வரவு.

அதே ஒரு கிரவுண்டில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. தரை முழுதும் சிமெண்டு போட்டால் அத்தனையும் தெருவுக்கு ஓடி, தாழ்வான கடைக்குள் நுழையும். மளிகைக் கடையில் அரிசி மூட்டை நனைந்தால் என்ன நஷ்டம் என்று 2015-லும் 2023-லும் வெள்ளம் பார்த்த சென்னை வியாபாரிகளைக் கேளுங்கள். அதனால்தான் சென்னை மாநகராட்சி மழைநீரை உறிஞ்சும் குளத்தோடு சில பூங்காக்களை அமைத்திருக்கிறது. பள்ளமான மூலையில் ஒரு சிறு குளம், நடைபாதையில் நீர் இறங்கும் கல் தளம், உதிர்ந்த இலைக்கு ஒரு உரக்குழி, இவை போதும்.

தள்ளுவண்டிக்காரர்

பூங்கா வந்தால் வாசலில் சுண்டலும் இளநீரும் வரும். நம்மில் சிலருக்கு அது பிடிக்காது. ஆனால் 2014-ம் ஆண்டுச் சட்டம் தெரு வியாபாரிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் பேசி, வழியை மறிக்காமல் இடம் குறித்துக் கொடுப்பதே முறை. அவரும் நம்மிடம்தான் கொள்முதல் செய்கிறார்.

நாம் செய்ய வேண்டியது

நமக்கு நாமே திட்டம் 1997-98-ல் தொடங்கி, 2021-ல் மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். சங்கம் அந்தப் பங்கைத் திரட்டலாம். ஆனால் பெயர் பொறித்த பெஞ்சு வாங்கிக் கொடுத்துத் திறப்பு விழாவோடு ஒதுங்கிக் கொள்வது நம் வழக்கம். அது வேண்டாம். முதல் போட்டவன் தினம் கடையைத் திறக்காவிட்டால் முதலும் போய்விடும். காவலாளி சம்பளம், துப்புரவு, விளக்கு, குழாய் பழுது இவற்றுக்கு மாதச் சந்தா வைத்துத் தனிக் கணக்கு எழுத வேண்டும்.

வாகன நெருக்கடிக்கு வேறு வழி தேடுவோம். சரக்கு வண்டிக்கு விடியற்காலை நேரம் ஒதுக்கக் கேட்கலாம். நம் சொந்த வண்டிகளைக் கடை வாசலில் நிறுத்தாமல் இருந்தாலே பாதி இடம் கிடைக்கும்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே வைத்து விவாதிக்க வேண்டுகிறேன். அதற்கு முன், உங்கள் தெருவில் ஒரு முதியவரையும் சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எங்கே என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.