மூச்சுக்குழாய் சுருக்கம்: பலூனா, ஸ்டென்ட்டா, ஆபரேஷனா? "எது சீப்"னு கேட்காதீங்க

டாக்டர் பேச வேண்டிய விஷயத்தை ஆடிட்டர் ஏன் எழுதறார்னு கேட்பீங்க. என் சித்தப்பா பையன் மூணு எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி, "அண்ணா, இதுல எது சீப்?"னு கேட்டான். அந்தக் கேள்வியே தப்புன்னு புரிய எனக்கே ரெண்டு நாள் ஆச்சு.

அவனுக்கு 27 வயசு. அரியலூர்ல ஒரு சிமென்ட் ஆலையில வேலை. நவம்பர்ல பெரம்பலூர் ரோட்டுல பைக் விபத்து. திருச்சியில 14 நாள் வென்டிலேட்டர். பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டான். ஜனவரியில மாடி ஏறினா மூச்சு வாங்குது, மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ஊரு, சிமென்ட் வேலை வேற. பார்த்தவங்க எல்லாரும் சொன்னது "தூசி அலர்ஜி". மூணு வாரம் இன்ஹேலர் அடிச்சான். சிடி ஸ்கேனும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற பிராங்கோஸ்கோப்பியும் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சது.

பெரியவங்க மூச்சுக்குழாயோட அகலம் சுமார் 15 முதல் 20 மி.மீ. வென்டிலேட்டர் குழாயோட கீழ்முனையில காற்று அடைச்ச ஒரு சின்னப் பை இருக்கும். அது சுவரை ரொம்ப அழுத்தினா அந்த இடத்துல ரத்த ஓட்டம் நின்னு புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாயை இறுக்கும். புற்றுநோய் இல்லை. ஆனா 8 மி.மீ. கிட்ட குறைஞ்சா வேலை செய்யும்போது மூச்சு வாங்கும், 5 மி.மீ.க்கு வந்தா சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கும். வென்டிலேட்டர்ல இருந்து வந்தவங்களுக்கு சில வாரம் கழிச்சு இப்படி ஆனா, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர் கையில கொடுங்க. அது ஒண்ணே பாதி வழி.

இப்போ எஸ்டிமேட்டுக்கு வருவோம். பலூன் சிகிச்சையில மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா சுருக்கத்துக்குள்ள பலூனை விட்டு ஊதி விரிப்பாங்க. உடனே மூச்சு சரியாகும், உள்ளே எதையும் விட்டுட்டு வர மாட்டாங்க. ஆனா தழும்பு திரும்பச் சுருங்கும் பழக்கம் உள்ளது. அதனால பல இடங்கள்ல முதல்ல லேசர் அல்லது மின்கத்தியால மூணு இடத்துல கீறிட்டு (பென்ஸ் கார் சின்னம் மாதிரி, நடுவுல நல்ல தோலை விட்டுவிட்டு) அப்புறம் விரிக்கறாங்க. 1 செ.மீ.க்குக் குறைவான, ஜவ்வு மாதிரி மெல்லிசான, குருத்தெலும்பு நல்லா இருக்கிற சுருக்கத்துக்கு இது நல்லா எடுபடும்.

சுருக்கம் நீளமா இருந்து, ஆபரேஷன் தாங்காத உடம்புன்னா சிலிக்கான் ஸ்டென்ட் வைப்பாங்க. பிரான்ஸ்ல மார்செய் நகரத்து டாக்டர் துமோன் 1990ல வெளியிட்ட வடிவம் அது. தேவைப்பட்டா எடுத்துடலாம். ஆனா நகரும், சளி அடைக்கும், ஓரத்துல சதை வளரும். அதாவது திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி. உலோக வலை ஸ்டென்ட் வேற கதை. சதை அதோட ஒட்டி வளர்ந்துட்டா எடுக்கறதே ஆபத்து. புற்றுநோய் இல்லாத சுருக்கத்துக்கு மற்ற எல்லா வழியையும் பார்த்த பிறகுதான் அதைத் தொடணும்னு அமெரிக்க எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சது. எஸ்டிமேட்ல அது இருந்தா ஏன்னு கேளுங்க. இன்னொண்ணு: 2017ல அரசு விலை வரம்பு வச்சது இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட்டுக்கு. மூச்சுக்குழாய் ஸ்டென்ட்டுக்கு அது பொருந்தாது.

கடைசி வழி, சுருங்கின துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் தைக்கற ஆபரேஷன். பெரிய ஆபரேஷன்தான். ஆனா அனுபவமுள்ள சர்ஜன் செஞ்சா, பெரும்பாலானவங்களுக்கு அதோட முடிஞ்சிடும்.

இப்போ என் வேலை. தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். பலூன் ஒரு தடவைக்கு 50,000, ஆபரேஷன் 2,50,000னு வச்சுக்கோங்க. பலூன்தான் சீப்! ஆனா வருஷத்துக்கு 4 தடவைன்னா 2,00,000. அதோட ஒவ்வொரு தடவையும் 4 நாள் லீவு, கூட வர்றவங்க சம்பள வெட்டு, திருச்சிக்கோ வேலூருக்கோ வண்டி. ரெண்டாவது வருஷமும் அதே பில். அதனால டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது "இந்த மாதிரி சுருக்கத்துக்கு எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்?"

இன்சூரன்ஸ்ல அவன் நிலைமை இன்னும் மோசம். அரசோட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரத்துக்குத்தான். சம்பளம் 21,000க்கு மேல, அதனால ஈஎஸ்ஐ இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், அதுவும் இல்லை. கம்பெனி குரூப் பாலிசி 3 லட்சம், ஐசியூ பில்லே அதைச் சாப்பிட்டாச்சு. பாலிசி புதுப்பிக்கறது ஏப்ரல் 1.

அவனுக்குச் சுருக்கம் 2 செ.மீ., குருத்தெலும்பும் பாதிப்பு. சர்ஜன் சொன்னது: "ஆபரேஷன்தான் சரி, ஆனா வீக்கம் அடங்கட்டும், அதுவரைக்கும் பலூன்ல ஓட்டலாம்." மருத்துவக் காரணமும் பாலிசி தேதியும் ஒரே பக்கம் வந்தது எங்க அதிர்ஷ்டம். மூச்சுத் திணறல் அதிகமா இருந்திருந்தா நானே கடன் வாங்கிப் போடச் சொல்லியிருப்பேன். பாலிசி தேதிக்காக மூச்சை நிறுத்தி வைக்க முடியாது. ஜனவரி கடைசியிலயும் மார்ச்லயும் ரெண்டு பலூன், கைக்காசு. ஏப்ரல் மூணாவது வாரம் ஆபரேஷன், புது வருஷத்து 3 லட்சத்துல. ஹெச்ஆர்கிட்ட முன்கூட்டியே கேட்டு, பழைய நோய்க்கும் முதல் நாள்லயிருந்து கவர் உண்டுன்னு மெயில்ல வாங்கி வச்சிருந்தோம்.

ஜூன்ல வேலைக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் சொந்தமா ஒரு பாலிசி எடுத்தான். ப்ரொபோசல் ஃபார்ம்ல "இதை எழுதணுமாண்ணா?"ன்னு கேட்டான். எழுத வச்சேன். பழைய நோய்க்கு இப்போ அதிகபட்சக் காத்திருப்பு 36 மாசம். அதுல அவனுக்கு இன்னும் 22 மாசம் பாக்கி இருக்கு.