இல்லாமைக்கு ஓர் அபராதம்

பணம் இல்லாதவனிடமிருந்து, பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் அறவிடுவது நியாயமா என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், வங்கியில் கணக்கு வைத்திருக்கும் சாமானியர்களில் அநேகர், மாத முடிவில் தம் கணக்குக்கூற்றை விரித்துப் பார்த்து, தாம் செய்யாத செலவொன்று அதிலே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மனம் புழுங்கும்போது, அவர்களுடைய உள்ளத்தில் எழுவது இந்தக் கேள்விதான். காசோலை திரும்பியதற்கு ஒரு கட்டணம், ஆகக்குறைந்த மீதி நில்லாமற் போனதற்கு ஒரு கட்டணம், இருப்புக்கு மேல் எடுத்ததற்கு வட்டியும் அந்த வட்டிக்கு மேல் இன்னொரு கட்டணமும் என்று, குறைந்த கணக்கு மேலும் குறைந்துகொண்டே போகிறது.

மன்னார்த் தீவிலே நகரத்தை ஒட்டிக் கிடக்கும் பள்ளிமுனையை வெளியூரார் அறிவது, புனித லூசியா தேவாலயத்தாலும், அந்தப் பெயரைத் தாங்கிய உதைபந்தாட்டக் கழகத்தாலும், பல நூற்றாண்டுகளைக் கண்டதாகச் சொல்லப்படும் பருத்த பெருக்கமரத்தாலுமே. ஊரவர்களுக்கோ ஜீவனம் கடல். கடல் தரும் வருமானத்துக்கு மாதமும் இல்லை, திகதியும் இல்லை. காற்றுக் கிளம்பினால் வள்ளம் கரையில் கிடக்கும். இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்றால், அன்றைய வருமானத்தோடு முதலும் போய்விடும். இத்தகைய ஊரில் நண்டும் இறாலும் வாங்கி விற்கும் சிறு வியாபாரி ஒருவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வள்ளக்காரருக்கு அவர் கையோடு காசு கொடுக்க வேண்டும். தாம் சரக்கனுப்பும் கம்பனியிடமிருந்து அவருக்குப் பணம் வருவதோ, சில நாட்கள் கழித்து. இதற்கிடையில், எஞ்சினுக்கான லீசிங் தவணை நிலையியற் கட்டளைப்படி குறித்த திகதியில் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். ஐஸ்காரருக்குக் கொடுத்த பின்திகதிக் காசோலையும் அதே வாரத்தில் வங்கிக்கு வந்து சேரும். வரவேண்டிய பணம் இரண்டு நாள் பிந்தினாற் போதும், "செக் திரும்பிட்டுது" என்ற சொல் காதில் விழுந்துவிடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, கடற்றொழிலை நம்பிய குடும்பங்களின் கையிருப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த இரண்டு நாள் தாமதத்தின் பாரம் விளங்கும்.

மேலதிகப் பற்று என்று ஏடுகளும், ஓ.டி. என்று வியாபாரிகளும் வழங்கும் இந்த ஏற்பாடு, பிறந்தபோது மிக உபகாரமான ஒன்றாகவே இருந்தது. 1728ஆம் ஆண்டிலே, தொடங்கி ஒரு வருஷமே ஆகியிருந்த ஸ்கொட்லாந்து ரோயல் வங்கி, எடின்பரோ நகரத்து வர்த்தகராகிய வில்லியம் ஹொக் என்பவருக்கு, அவருடைய கணக்கில் உள்ளதற்கு மேலாக 1,000 பவுண் வரை எடுத்துக்கொள்ள அநுமதி அளித்தது. தமக்கு வரவேண்டிய பணம் வந்து சேருமுன் தாம் கொடுக்கவேண்டிய கடன்கள் வந்துவிடுகின்றன என்பதே அவருடைய சிரமம். பள்ளிமுனை வியாபாரியின் சிரமம் அதிலிருந்து அணுவளவும் வேறானதன்று. ஆனால், அந்த எடின்பரோ வர்த்தகருக்கு வரவுக்கும் செலவுக்கும் இடையிலான நாட்களைத் தாண்டுவதற்குப் பாலமாக நின்ற வசதி, இந்தச் சிறு வியாபாரிக்கு வந்து சேரும்போது தண்டனையின் வடிவத்தை எடுத்துவிடுகிறது என்பதுதான் நாம் ஆராயவேண்டிய விஷயம்.

இலங்கையில் இந்த வசதி யாருக்குக் கிடைத்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரித்தானியர் காலத்திலே கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள், உள்ளூர்ச் சிறு வியாபாரியை நேரே அணுகவிடாமல், செல்வாக்குள்ள நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்குக் கடன் அளித்தன. செட்டிமார் அந்தப் பணத்தைக் கூடிய வட்டிக்கு மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். இந்த நிலையை விசாரித்த, சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமை தாங்கிய வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை 1934இல் வெளிவந்தது. அதன் வழியாகவே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. சாமானியன் வங்கிக்குள் நுழைய அன்று வாசல் திறந்தது. நுழைந்தவன் எந்த நிபந்தனைகளோடு உள்ளே இருக்கலாம் என்ற பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடவில்லை.

முன்கூட்டியே வங்கியோடு பேசி, இவ்வளவு தொகைவரை, இவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளும் மேலதிகப் பற்று ஒரு கடன். எடுத்த தொகைக்கும் எடுத்திருந்த நாட்களுக்கும் ஏற்றபடி அதற்கு வட்டி ஏறும். அவ்வாறு பேசிக்கொள்ளாமல் கணக்கில் உள்ளதற்கு மேலாகக் காசோலை வந்துவிட்டால், வங்கி இரண்டிலொன்றைச் செய்யும். காசோலையைத் திருப்பியனுப்பி அதற்குக் கட்டணம் அறவிடும். அல்லது பணத்தைக் கொடுத்துவிட்டு, வட்டியோடு வேறு கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும். திருப்பியனுப்பினால் எழுதியவருடைய மானமும் போகும்; பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதினார் என்று கண்டால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும்.

கட்டணத்துக்கும் வட்டிக்கும் உள்ள பேதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலன்றி உணர முடியாது. 2,000 ரூபா ஐந்து நாளைக்குக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 23 சதவீத வட்டியானால் அதற்குச் செலுத்தவேண்டியது 6 ரூபா 30 சதம். அதே குறைவுக்கு வங்கி ஒரே தொகையாக 1,000 ரூபா கட்டணம் விதிக்குமானால், ஐந்து நாளில் முதலின் பாதி போய்விடுகிறது; ஆண்டு வட்டியாக அதை மாற்றினால் 3,650 சதவீதம் வரும். மேலும், இருபது லட்சம் குறைந்தவருக்கும் அதே 1,000 ரூபா என்றால், அவருக்கு அது கண்ணிற் படாத செலவு. எவருடைய குறைவு சிறிதோ அவர்மீதே பாரம் பெரிதாக விழும்படி அமைந்திருப்பது, ஒரே தொகையான கட்டணத்தின் இயல்பு.

வங்கிகளின் பக்கத்து வாதத்தையும் கேட்பதே முறை. காசோலையைத் திருப்புவதற்கும், கணக்கைக் கவனிப்பதற்கும் தங்களுக்குச் செலவு உண்டென்றும், கட்டணம் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பொறுப்பின்றி நடப்பர் என்றும், இந்த வருமானத்தினாலேயே மற்றச் சேவைகளை மலிவாக வழங்க முடிகிறதென்றும் அவர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. மூன்றாவது வாதத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், எப்போதும் இருப்புள்ளவர் இலவசமாகச் சேவை பெறுவதற்காக, அடிக்கடி இருப்புக் குறைபவர் பணம் கொடுக்கிறார் என்பதாக அது முடிகிறது. பிரித்தானியாவின் நிதி நடத்தை அதிகாரசபை 2018 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை மெய்ப்பித்தது: 2017இல் அந்நாட்டு வங்கிகள் மேலதிகப் பற்றின் மூலம் பெற்றது 240 கோடி பவுணுக்கு மேல்; முன்னேற்பாடு இல்லாத பற்றுகளுக்கான கட்டணத்தின் பாதிக்கு மேற்பட்ட பாகத்தைச் செலுத்தியவர்கள், வாடிக்கையாளர்களில் 1.5 சதவீதத்தினரே.

அந்நாட்டில் இந்தக் கட்டணங்களைப் பற்றிய பிணக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கட்டணங்கள் அநீதியானவை என்று ஆயிரக்கணக்கானோர் வங்கிகளிடம் திருப்பிக் கேட்டபோது, நியாய வர்த்தக அலுவலகம் அபி நஷனல் முதலிய வங்கிகளுக்கு எதிராக வழக்காடியது. அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவை முழுவதற்குமான விலையின் ஒரு பாகமே ஆதலால், அந்த விலை தகுமா என்பதை நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் ஆராய இயலாது என்று 2009 நவெம்பர் 25இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நீதிமன்றத்தில் தோற்ற நியாயம், பத்து வருஷங்களுக்குப் பின் ஒழுங்குவிதியாகத் திரும்பி வந்தது. 2020 ஏப்ரல் முதல் மேலதிகப் பற்றுக்கு ஒரே தொகையான கட்டணம் எதுவும் கூடாது. ஆண்டு வட்டி ஒன்றே அறவிடலாம். முன்னேற்பாடு இல்லாத பற்றுக்கு அதைவிடக் கூடிய வட்டியும் கூடாது. பல வங்கிகள் உடனே வட்டியை 40 சதவீதத்தை அண்டும்படி உயர்த்தின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஐந்து நாளைக்கு 2,000 எடுத்தவருக்கு அந்த உயர்ந்த வட்டியும் பழைய கட்டணத்தின் முன் அற்பமே.

அமெரிக்காவிலே வேறொரு தந்திரம் வெளிப்பட்டது. கணக்கில் 10,000 இருக்கிறது. ஒரே நாளில் 1,000 வீதம் நான்கு கொடுப்பனவுகளும் 9,500 ஆக ஒன்றும் வருகின்றன. சிறியவற்றை முதலில் கழித்தால், பெரியது ஒன்றுக்குத்தான் பணம் போதாது, கட்டணமும் ஒன்றே. பெரியதை முதலில் கழித்தாலோ, சிறியவை நான்கும் தவறி, நான்கு கட்டணங்கள் கிடைக்கும். வெல்ஸ் பார்கோ வங்கி இப்படிப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தியது கூடிய கட்டணம் பெறும் நோக்கத்தினாலேயே என்று கண்ட நீதிபதி வில்லியம் அல்சப், கலிபோர்னியா வாடிக்கையாளருக்கு 20 கோடி 30 லட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்கும்படி 2010 ஓகஸ்டில் கட்டளையிட்டார். பெரிய வங்கிகளின் கட்டணத்தை 5 டொலராக மட்டுப்படுத்த 2024 டிசெம்பரில் எழுதப்பட்ட விதியை, அந்நாட்டுக் காங்கிரஸ் மறு ஆண்டிலேயே இரத்துச் செய்தது என்பதிலிருந்து, இந்த வருமானத்தை விட்டுக்கொடுக்க வங்கிகளுக்கு எவ்வளவு மனமில்லை என்பதை ஊகிக்கலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததும் நம் கவனத்துக்குரியது. இந்திய ஸ்டேட் வங்கி, சேமிப்புக் கணக்குகளில் ஆகக்குறைந்த மீதி வைக்காதவர்களிடம் 2017 ஏப்ரல் முதல் அபராதம் அறவிடத் தொடங்கி, நவெம்பர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,771 கோடி ரூபாயைத் திரட்டிவிட்டது. அவ்வாண்டு ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய நிகர இலாபத்தைவிட அது பெரிய தொகை. பொதுமக்களின் கண்டனம் எழுந்தது. 2018 ஏப்ரலில் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. 2020 மார்ச்சில் அது அறவே நீங்கியது. அதற்கு முன்னரே, அந்நாட்டு ரிசர்வ் வங்கி 2014 நவெம்பரில் வகுத்த விதி ஒன்று, எல்லா நாடுகளுக்கும் முன்மாதிரியாகத் தக்கது: மீதி குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும், அபராதம் குறைவின் அளவுக்கு ஏற்றதாய் இருக்க வேண்டும், அபராதத்தைக் கழித்ததனால் மாத்திரம் ஒரு சேமிப்புக் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது.

இலங்கையில் மத்திய வங்கி வட்டியின் பக்கத்திலிருந்து இந்தப் பிரச்சினையை அணுகியது. முன்னேற்பாடு செய்த தற்காலிக மேலதிகப் பற்றுக்கு ஆண்டுக்கு 16 சதவீதமே உச்ச வட்டி என்று 2020 ஓகஸ்டில் வரையறுத்தது. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாமல் நிறுத்திய அதே மாதத்தில், கொள்கை வட்டி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர, அந்த வரம்பும் எடுபட்டது. பணவீக்கம் தணிந்தபின் 2023 ஓகஸ்டில், முன்னேற்பாடு செய்த மேலதிகப் பற்றுக்கு 23, அடகுக்கு 18, கடனட்டைக்கு 28 சதவீதம் என்று மீண்டும் வரம்பு விதிக்கப்பட்டது. தண்ட வட்டி இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேற்படலாகாது என்றும் சொல்லப்பட்டது. அதே மாதத்தில், நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வெளிவந்தன. வட்டி, கட்டணம் ஆகியவற்றை ஒளிவின்றி அறிவித்தல், வாடிக்கையாளரை நியாயமாக நடத்துதல், முறைப்பாட்டுக்குச் செவிசாய்த்தல் என்பவை அவற்றின் அடிப்படை.

இவற்றை அறிந்துவைத்திருப்பதனால் ஊரவருக்குப் பிரயோசனம் உண்டு. கட்டண அட்டவணையைத் தமிழிலே தரும்படி கிளையில் கேட்கலாம். விளங்கும் மொழியில் விளக்கம் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. வியாபாரத்துக்காக நடைமுறைக் கணக்கு வைத்திருப்பவர், வரவு பிந்தக்கூடிய மாதங்களை முன்னமே எண்ணி, சிறியதொரு மேலதிகப் பற்றை எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்வதும், தவணைத் திகதியைப் பணம் வரும் நாளுக்குப் பின்னாகத் தள்ளிக் கேட்பதும் புத்தி. அநியாயமாகக் கழித்தார்கள் என்று தோன்றினால், முதலில் கிளை முகாமையாளரிடம் எழுத்தில் முறையிட்டு அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பலன் இல்லையாயின், நிதியியல் குறைகேள் அதிகாரியையோ, 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தையோ நாடலாம்.

வங்கியில் மனம் வெறுத்தவர் கடன் வாங்காமல் இருந்துவிடுவதில்லை. முற்பணம் தந்துவிட்டு, பிடித்ததையெல்லாம் தமக்கே குறைந்த விலையில் தரவேண்டும் என்று கட்டிப்போடும் சம்மாட்டியிடமோ, வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் கம்பனியிடமோ அவர் போகிறார். அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு, 2018இல் அரசாங்கம் மன்னார் உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததே சாட்சி. ஆகவே, வங்கிக் கட்டணத்தின் நியாயம் கணக்கு வைத்திருப்பவரின் சொந்தக் கவலையோடு நின்றுவிடும் காரியமன்று. ஊர்ப்பணம் எந்தக் கைக்குப் போகிறது என்பதையும் அது தீர்மானிக்கிறது.

மேலதிகப் பற்றைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டுக் கட்டளை எட்டியது முன்னேற்பாடு செய்த பற்றின் வட்டியை மாத்திரமே. முன்னேற்பாடு செய்யும் அளவுக்கு வங்கியோடு பழக்கமில்லாத சிறு வியாபாரிக்கு அந்த வரம்பு நிழல் தரவில்லை. குறைந்த தொகைக்கும் குறைந்த நாட்களுக்கும் ஏற்ற வட்டியே போதும் என்ற பிரித்தானிய விதியையும், அபராதத்தால் மாத்திரம் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே இறங்கலாகாது என்ற இந்திய விதியையும் சேர்த்து இலங்கையிலும் எழுதிவிட்டால், வங்கி தன் செலவையும் நியாயமான இலாபத்தையும் இழக்காது. இழப்பது, இல்லாதவனிடம் பெற்றுவந்த அந்த அபராதத்தை மட்டுமே. வட்டிக்கு வரம்பு கட்டத் துணிந்த மத்திய வங்கிக்கு, கட்டணத்துக்கும் ஒரு வரம்பு கட்டுவது இயலாத காரியமன்று. வாடிக்கையாளர்கள் அதை வற்புறுத்திக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.