லாரிக்குக் கணக்கு இருக்கிறது, ஆற்றுக்கு?

ஆற்று மணலை அள்ளலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது, நாம் எவ்வளவு எடுக்கிறோம் என்பதே

2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோது முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதே மாதத்தில், திருச்சியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் வெள்ளத்தில் சரிந்தன. கண்மூடித்தனமாக மணல் அள்ளியதன் விளைவு என்றார்கள் விவசாயிகள். அணைக்கு வயதாகிவிட்டது, மணல் காரணமல்ல என்றது அன்றைய அரசு.

இந்த வாதத்தைத் தீர்த்துவைக்க, அந்த இடத்தில் ஆற்றுப்படுகையின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு வேண்டும். ஊர்க்காரர் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கும் வடிவில் அப்படியொரு கணக்கு கிடையாது. எத்தனை லாரி போயிற்று, எத்தனை நடைச்சீட்டு கிழிக்கப்பட்டது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. மணல் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஆற்றின் வரவு

மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து, கூழாங்கல்லாகி, சரளையாகி, மணலாகிக் கீழே வருகிறது. வெள்ளம் வரும் சில நாட்களில்தான் ஆறு இந்தச் சுமையை உருட்டிக்கொண்டு நகர்கிறது. எனவே ஒரு படுகைக்கு வந்து சேரும் மணல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வெள்ளமே வராத ஆண்டில் வரவும் இல்லை.

அணைகள் கட்டிய பிறகு இந்த வரவு பல மடங்கு சுருங்கியது. 1934இல் மேட்டூர் அணை வந்த பின், மேலிருந்து வரும் பருமணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி போன்ற துணையாறுகள் கொண்டுவருவதுதான் மிச்சம். அவற்றிலும் அணைகள் உண்டு. ஆக, திருச்சியிலோ கரூரிலோ இன்று நாம் அள்ளுவதில் பெரும்பகுதி, மேட்டூருக்கு முந்தைய காலத்துச் சேமிப்பு.

சேமிப்பை எடுப்பது தவறில்லை என்று வாதிடலாம். ஆனால் ஆற்றில் மணல் வெறுமனே குவிந்து கிடக்கும் சரக்கு அல்ல. அது அங்கே பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

பள்ளம் வெட்டிய இடத்தில் நிற்காது

படுகையில் ஓரிடத்தில் பொக்லைன் வைத்து ஆழமாகத் தோண்டுகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் மணல் வந்து அந்தப் பள்ளம் மூடிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பள்ளம் மூடுவது உண்மைதான். மூடுகிற மணல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளத்தின் மேல் விளிம்பில் தண்ணீர் சிறு அருவிபோல் விழுகிறது. விழும் வேகம் விளிம்பை அரிக்கிறது. விளிம்பு சரியச் சரிய, அரிப்பு ஆற்றின் மேல்திசையில் நகர்ந்துகொண்டே போகிறது. குவாரிக்குச் சம்பந்தமே இல்லாத தொலைவில் ஒரு பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்குவது இப்படித்தான்.

கீழ்த்திசையில் நடப்பது வேறு. வெள்ளம் சுமந்துவந்த மணலைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுச் சுமையில்லாமல் புறப்படுகிறது. சுமையில்லாத நீருக்கு அரிக்கும் தெம்பு மிச்சமிருக்கும். அமெரிக்க ஆற்றியலாளர் மத்தியாஸ் கொண்டால்ஃப் 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைப் ‘பசித்த நீர்’ என்றார். அந்தப் பசிக்குக் கரையும் படுகையும் இரையாகின்றன. கடைசியில் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மணலும் குறைந்து, முகத்துவாரத்தை ஒட்டிய கரையைக் கடல் அரிக்கிறது.

பாலங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. போர்ச்சுக்கலில் 2001 மார்ச் 4 அன்று டோரோ ஆற்றின் மீதிருந்த ஹின்ட்ஸ் ரிபெய்ரோ பாலத்தின் தூண் சரிந்து, பேருந்திலும் கார்களிலும் இருந்த 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணல் எடுத்ததால் தூணின் காலடி அரிக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் இமாச்சல் – பஞ்சாப் எல்லையில் சக்கி ஆற்று ரயில் பாலம் வெள்ளத்தில் இடிந்தபோதும், அங்கே நடந்த சட்டவிரோதச் சரளை எடுப்பின் மீதே விரல் நீண்டது.

மட்டம் இறங்கினால் மடைக்கு நீர் ஏறாது

படுகை மட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேலணையே சாட்சி. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓட, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனம் தவித்தது. கொள்ளிடத்தின் குறுக்கே காட்டன் மேலணை கட்டியது அதற்காகத்தான். கட்டிய சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது: காவிரி அளவுக்கு மேல் நீரை இழுத்துத் தன் படுகையை அரிக்கத் தொடங்கியது. அதைத் தடுக்கக் காவிரியின் தலைப்பிலும் ஒரு படுகை அணை போட வேண்டியதாயிற்று. படுகையில் சில அடி வித்தியாசம் ஒரு டெல்டாவின் தலையெழுத்தை மாற்றும் என்பது 180 ஆண்டுகளுக்கு முன்பே நமக்குத் தெரிந்த பாடம்.

இன்று அதே வித்தியாசத்தை இயந்திரங்கள் உண்டாக்குகின்றன. வாய்க்கால் தலைப்பு மதகின் அடிமட்டம் கட்டியபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறு மட்டும் கீழே போய்விட்டது. ஆற்றில் நீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. கடைசியில் அரசே கோடிக்கணக்கில் செலவழித்துப் படுகை அணையோ தடுப்பணையோ கட்டி மட்டத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. மணல் விற்ற வருமானத்தில் இந்தச் செலவை யாரும் கழித்துக் காட்டுவதில்லை.

ஒரு யூனிட் மணலில் எவ்வளவு தண்ணீர்?

லாரிக்காரர்கள் மணலை யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆற்று மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். முப்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், நீரில் ஊறிய ஒரு யூனிட் மணலின் இடுக்குகளில் சுமார் 850 லிட்டர் நீர் நிற்கும். மூன்று யூனிட் ஏற்றும் ஒரு லாரி, இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கும் மேல் நீரைத் தேக்கிவைக்கும் இடத்தையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறது. நள்ளிரவில் ஈர மணல் லாரி போன சாலையில் சொட்டிக்கொண்டே போகும் தண்ணீர்க் கோடு, ஆறு இழந்ததில் ஒரு துளிதான்.

திருச்சி மாநகரம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் படுகைக்குள் இறக்கிய சேகரிப்புக் கிணறுகளிலிருந்து குடிக்கிறது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சிப் பக்கத்துக் காவிரிதான் ஊற்று. பாலாற்றில் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நீர் ஓடுவதில்லை. வேலூரும் காஞ்சிபுரமும் நம்பியிருந்தது மணலுக்கு அடியில் ஓடும் நீரை. மணல் போய்க் களிமண் தட்டினால் ஊற்று அற்றுவிடும். கரையோரத் தோப்புகளில் ஒரு காலத்தில் தரைமட்டத்தோடு இருந்த உறைகிணறுகள், படுகை இறங்கிய இடங்களில் உறைகள் வெளியே தெரியப் புகைபோக்கிபோல் நிற்பதைக் காணலாம். தரை எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த உறைகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2003இல் சிறுகனிமச் சலுகை விதிகளில் 38-ஏ சேர்க்கப்பட்டு, ஆற்று மணல் எடுக்கும் உரிமை தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016இலும் 2020இலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றில் முக்கியமானவை:

- மூன்று மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது. நிலத்தடி நீர் தட்டும் ஆழத்துக்குப் போகக் கூடாது.
- கரையிலிருந்து ஆற்றின் அகலத்தில் கால் பங்கு, குறைந்தது 7.5 மீட்டர், விட்டுவைக்க வேண்டும்.
- பாலம், குடிநீர்க் கிணறு போன்ற கட்டுமானங்களுக்கு மேல்திசையில் குறைந்தது 250 மீட்டர், கீழ்த்திசையில் குறைந்தது 500 மீட்டர் விட்டுவைக்க வேண்டும்.
- மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. இரவில் அள்ளக் கூடாது.
- எடுத்த மணல் எவ்வளவு திரும்ப வந்தது என்ற மறுநிரப்பு ஆய்வு நடத்த வேண்டும்.

கடைசி விதிதான் உயிர்நாடி. ஆழமும் தூரமும் அதன் காவலாளிகள். 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மறுநிரப்பு ஆய்வு இல்லாத மாவட்ட ஆய்வறிக்கையை வைத்து மணலுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர முடியாது என்று தெளிவாக்கியது. ஆறு கொண்டுவருவதற்கு மேல் எடுக்காதே என்ற எளிய கணக்கு அங்கே சட்டத்தின் மொழியில் பதிவானது.

ஓட்டை எங்கே?

ஐந்து ஹெக்டேர் குவாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அனுமதி என்றால் 50,000 கன மீட்டர், சுமார் 17,600 யூனிட். எல்லைக் கல்லைத் தாண்டாமல், அதே இடத்தில் மூன்று மீட்டர் தோண்டினால் 53,000 யூனிட். மேலிருந்து பார்க்கிறவருக்குப் பரப்பு மாறவில்லை. ஒரே நடைச்சீட்டில் இரண்டு மூன்று நடை போனால் காகிதமும் சரியாகவே இருக்கும். பட்டா நிலத்தில் சவுடு எடுக்க என்று அனுமதி வாங்கி அடியிலுள்ள மணலை அள்ளுவது இன்னொரு வழி.

2023இல் தமிழ்நாட்டு மணல் குவாரிகளை விசாரித்த அமலாக்கத் துறை, கான்பூர் ஐஐடியைக் கொண்டு 28 இடங்களை அளந்தது. அள்ளிய மணலின் மதிப்பு சுமார் 4,730 கோடி ரூபாய், கணக்கில் வந்த வருவாயோ 36.45 கோடி என்பது அத்துறையின் கூற்று. இந்த விவகாரத்தை விசாரிக்கும் அதிகாரம் அத்துறைக்கு இல்லை என்று ஒப்பந்ததாரர்கள் தொடர்ந்த வழக்கில் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது தனிக்கதை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: சீட்டை விட்டுவிட்டுத் தரையை அளந்தபோதுதான் இப்படியொரு கேள்வியே எழுந்தது.

தரையை அளக்காத நிலையில், ஆற்றைக் காக்கும் பொறுப்பு தனி ஆட்கள் தலையில் விழுகிறது. தாமிரபரணிக்காக 2010இல் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா.நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி ஐந்தாண்டுத் தடை பெற்றார். அதே தாமிரபரணிக் கரையில், 2023 ஏப்ரலில் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு விஏஓ உயிரைப் பணயம் வைத்துத் தடுக்கும்படி ஒரு விதிமுறை இருந்தால், அதன் வடிவத்திலேயே கோளாறு.

எம்-சாண்ட் விடையா?

பாதி விடை. கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை 2016ஆம் ஆண்டின் ஐஎஸ் 383 தரநிலை கான்கிரீட்டுக்கு ஏற்கிறது. 2023இல் தமிழ்நாடு அதற்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. கிரஷரில் ஜல்லி உடைத்து மிஞ்சிய தூளையே எம்-சாண்ட் என்று விற்பதுதான் சந்தையின் நோய். தூசி அதிகமானால் சிமென்ட் கூடுதலாகக் குடிக்கும், பூச்சு வெடிக்கும். தரச்சான்று பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எம்-சாண்டுக்காக உடைக்கும் குன்று எந்த வெள்ளத்திலும் திரும்பி வராது. ஆற்றைக் காப்பாற்றப்போய் மலையை விற்ற கதை ஆகக் கூடாது. இடிந்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துச் சலித்து, கம்பி போட்ட கான்கிரீட்டிலேயே 20 சதவீதம் வரை சேர்க்க அதே தரநிலை இடம் தருகிறது. நகரங்களில் குளத்தங்கரையில் கொட்டப்படும் இடிபாடு முதலில் அங்கே போகட்டும்.

கணக்கை எப்போது எடுப்பது?

கேரளம் 2001இலேயே ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மணல் அள்ளும் துறைகளுக்கு உள்ளாட்சிகளைச் சேர்த்த ‘கடவு’க் குழுக்களும் ஆறுதோறும் மணல் தணிக்கையும் அதில் வந்தன. தணிக்கையில் பற்றாக்குறை தெரிந்த ஆறுகளில் பல ஆண்டுகள் அள்ளுவது நின்றது. அங்கும் திருட்டு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அனுமதிக்கு அடிப்படை படுகையின் அளவு என்ற வழக்கம் ஏற்பட்டது.

காவிரியில் இதைச் செய்யக் காலமும் வாகாக அமைந்திருக்கிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. மூடிய பின் ஒரு முறை, திறக்கும் முன் ஒரு முறை படுகையை அளந்தால் போதும். கரையில் அசையாத மட்டக்கல் நட்டு, அதிலிருந்து ஆற்றின் குறுக்கே மட்டம் எடுப்பது நீர்வளத் துறைக்குப் பழகிய வேலை. இப்போது ட்ரோன் அதைச் சில நாட்களில் முடித்துவிடும். பிப்ரவரி அளவு வெள்ளம் கொண்டுவந்ததைக் காட்டும்; ஜூன் அளவு மனிதர் எடுத்ததைக் காட்டும். எவர் சீட்டை எத்தனை முறை பயன்படுத்தினாலும் இந்த இரண்டு எண்களும் மாறாது.

அந்த எண்களைக் குவாரி வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பலகையில் எழுதிவைக்க வேண்டும். பாலம், மதகு, குடிநீர்க் கிணறு உள்ள இடங்களில் தொடக்கத்தில் இருந்த படுகை மட்டத்தைச் சுவரிலேயே கோடு போட்டுக் காட்ட வேண்டும். அப்போது கிராம சபையில் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருக்கும்: போன ஆண்டு இங்கே எவ்வளவு வந்தது? பதில் ஆயிரம் யூனிட் என்றால் அனுமதி அதற்குள் அடங்க வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால், அந்த ஆண்டு அந்தப் படுகையில் குவாரி இல்லை.