அச்சம் மறைக்கும் வலி

உயிரியல் ஆசிரியையான என்னைச் சிந்திக்க வைத்த ஆய்வு ஒன்று, 2014இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தபோது எலிகள் வலியைக் குறைவாகவே காட்டின. ஆண் அணிந்த ரீசேட்டை அருகில் வைத்தாலே போதுமாயிருந்தது. பெண்கள் இருந்தபோது அப்படி நடக்கவில்லை. வலி குறைந்ததற்குக் காரணம் சுகமல்ல. அந்த மணம் தந்த மன அழுத்தமே. அழுத்தத்தின்போது சுரக்கும் ஓமோன் எலிகளின் இரத்தத்தில் கூடியிருந்தது. இதனை அறியாமல் வலிநிவாரணி ஒன்றைப் பரிசோதித்தால், மருந்தின் பலனையும் பயத்தின் பலனையும் எப்படிப் பிரிப்பது?

தூக்கும் விதமும் முக்கியம். வாலில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தினால் சுண்டெலிகளின் பதற்றம் குறைகிறதென லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர்.

சகோதரிகளே, பயத்தில் வலி மறைவது மனிதருக்கும் உண்டு. கிளினிக்கில் பயந்து நிற்கும் பிள்ளை "நோகவில்லை" என்றால், வீட்டுக்கு வந்ததும் மடியில் இருத்தி இன்னொரு முறை கேளுங்கள்.