சிபிடி: சீசாவில் இருப்பதும் சட்டத்தில் இருப்பதும்

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருந்தாலும் பேர்பெற்றவை இரண்டுதான். ஒன்று போதை ஏற்றும் டிஎச்சி. மற்றது போதை ஏற்றாத கன்னாபிடியால், அதாவது சிபிடி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் 1940-இல் இதைப் பிரித்தெடுத்தார். மூலக்கூறின் சரியான அமைப்பை இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெச்சூலம் 1963-இல் கண்டறிந்தார். மூளையிலுள்ள சிபி1 ஏற்பிகளில் டிஎச்சி போய் ஒட்டிக்கொள்வதால் கிறக்கம் வருகிறது. சிபிடிக்கு அங்கே பிடிமானம் மிகக் குறைவு. தூய சிபிடி ஆளை அடிமையாக்குவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கூறியிருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலிலிருந்தும் 2018-இல் இது நீக்கப்பட்டது.

போதை இல்லை என்பதாலேயே அது சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. தூக்கமின்மை, மூட்டுவலி, பதற்றம், சர்க்கரை நோய், ஏன் புற்றுநோய் வரை கேட்கும் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஐயமற நிரூபணமாகியிருப்பது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சில அரிய வலிப்பு நோய்களில் மட்டுமே. டிராவே நோய்க்குறி உள்ள 120 பேரிடம் நடந்த சோதனை 2017-இல் வெளியானது. சிபிடி பெற்ற பிள்ளைகளுக்கு மாதம் சுமார் 12 முறை வந்துகொண்டிருந்த வலிப்பு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அடுத்த ஆண்டே, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய இரண்டு வலிப்பு நோய்களுக்கும் ‘எபிடியோலெக்ஸ்’ என்ற சிபிடி மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

இங்கே அளவுக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். எபிடியோலெக்ஸின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். அப்படியென்றால் 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்கு 200 மில்லிகிராம். கடையில் விற்கும் சின்னச் சீசா ஒன்றில் மொத்தமே 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றரை நாளைக்குத்தான் வரும். மேடைப் பதற்றத்தைக் குறைக்குமா என்று பார்த்த சோதனைகளிலும் ஒரே வேளைக்கு 300 மில்லிகிராம், 600 மில்லிகிராம் என்றுதான் கொடுத்தார்கள். நாக்கடியில் விடும் இரண்டு சொட்டில் மூட்டுவலி பறந்துபோனால் அதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை.

அளவைக் கூட்டிவிட்டால் தீருமா? கூட்டினால் பக்க விளைவுகளும் கூடும். மயக்கமான தூக்கம், வயிற்றுப்போக்கு, பசிக்குறைவு ஆகியவை சாதாரணமாக வருபவை. கல்லீரல் நொதிகள் உயர்வது கவலைக்குரியது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையும் சேர்ந்தால் அந்த அபாயம் இன்னும் அதிகம். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேலையைச் சிபிடி தடுக்கிறது. அதனால் குளோபசாம் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்குத் தூக்கக் கலக்கம் கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தக் கசிவு அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடக்கூடாது என்பதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பிரிட்டனின் உணவுத் தர முகமை, நலமாக உள்ள பெரியவர்களுக்கு நாளைக்கு 70 மில்லிகிராம் வரை போகலாம் என்று 2020-இல் சொல்லியிருந்தது. 2023 அக்டோபரில் அதை 10 மில்லிகிராமாகக் குறைத்தது.

சீசாவின் மேல் எழுதியிருப்பதை நம்பலாமா என்பது தனிப் பிரச்சினை. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. லேபிளில் உள்ளபடி சரக்கு இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டிஎச்சியும் இருந்தது. போதையே இல்லை என்று நம்பி வாங்கியவரின் சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா காட்டினால் யாரிடம் போய் முறையிடுவது?

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் வந்த வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாத செடியை ‘ஹெம்ப்’ என்று பிரித்து அனுமதித்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமான என்டிபிஎஸ் டிஎச்சி சதவீதத்தைப் பார்ப்பதில்லை, செடியின் பாகத்தைப் பார்க்கிறது. பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா, பிசின் சரஸ். நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. இலை இப்படி விலக்குப் பெற்றதால்தான் வடக்கே பாங்கு அந்தந்த மாநிலக் கலால் விதிகளின்படி விற்கப்படுகிறது. ஆயுர்வேதத்தில் ‘விஜயா’ எனப்படும் இதே செடியின் இலைச் சாறும் ஆயுஷ் உரிமத்துடன் வருகிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டியது அது, அதில் டிஎச்சியும் இருக்கலாம். வெளிநாட்டு சிபிடி எண்ணெய் பெரும்பாலும் பூவிலிருந்து எடுக்கப்படுவது. அங்கே ரசீது போட்டு வாங்கியது என்ற வாதம் இங்கே செல்லாது. சிறிய அளவு கஞ்சாவுக்கே ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஹெம்ப் விதை எண்ணெயை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உணவுப் பொருளாக 2021-இல் அனுமதி பெற்ற அந்த எண்ணெயில் நல்ல கொழுப்புகள் உண்டு, சிபிடி அநேகமாக இல்லை. பச்சை இலைப் படம் போட்டுச் சிபிடி விலைக்கு விற்பது வியாபாரத் தந்திரம்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானம் ஏறுகிறவர்கள் போய் இறங்கும் ஊர்களில் கெடுபிடி இன்னும் அதிகம். சிங்கப்பூரில் சிபிடி தடை செய்யப்பட்ட போதைப்பொருள்களில் ஒன்று. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் வழக்கு வரும். ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் சிபிடியைத் தடை செய்தது. கையில் வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை. பெட்டி கட்டும்போது அந்தச் சிறு சீசாவும் முகத்துக்குப் பூசும் சிபிடி கிரீமும் உள்ளே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து, வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.