வயது போனாலும் வைத்தியம் உண்டு: மார்புப் புற்றுநோயும் கீமோதெரபியும்



பிள்ளைகளோடு ஜேர்மனிக்கு வந்திருக்கும் அம்மாமார், அம்மம்மாமார் பலர் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் வாய் திறப்பதில்லை. "எனக்கு வயது போயிட்டுது, இனி என்னத்துக்கு மருந்து?" என்பது ஒரு காரணம். "விசா இல்லாத எங்களுக்கு ஆர் காசு கட்டுறது?" என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் உண்டு.

செலவை யார் பொறுப்பது?

தஞ்சம் கோரியவர்களின் வைத்தியச் செலவு சோசியல் அம்ற்றின் பொறுப்பு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடும் நோய்க்கும் வலிக்கும் வைத்தியம் தரச் சொல்கிறது. உடல்நலத்துக்கு இன்றியமையாத மற்ற உதவிகளை 6ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் செலவையும் இதன் கீழ் விண்ணப்பிக்கலாம். சில மாநிலங்களில் ஆரம்பத்திலேயே காப்புறுதி அட்டை கிடைக்கும். மற்ற இடங்களில் முதலில் வைத்தியச் சீட்டு (பெகாண்ட்லுங்ஸ்ஷைன்) எடுக்க வேண்டும். 2024 முதல், பொதுவாக 36 மாதங்களுக்குப் பிறகே எல்லோரையும் போன்ற முழு வைத்திய உரிமை வரும். ஆனால் அதுவரை புற்றுநோய் காத்திருக்காது.

அலுவலகம் மறுத்தால் வாய்ச் சொல்லோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எதிர்ப்புத் தெரிவிக்கும் கால எல்லை கடிதத்தின் கடைசியில் இருக்கும், பொதுவாக ஒரு மாதம். அவசரமென்றால் சமூக நீதிமன்றத்தில் அவசர மனுவும் கொடுக்கலாம்.

எல்லோருக்கும் கீமோவா?

இல்லை. கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஹோர்மோனால் வளரும் கட்டியா, ஹெர்-2 என்ற புரதம் கூட உள்ளதா, அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதைப் பார்த்து, மார்பக மையத்தின் வைத்தியர்கள் கூடி முடிவெடுப்பார்கள்.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 633 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வழக்கமான கீமோ பெற்றவர்களில் 91 வீதமானோர் 3 வருடத்தின் பின் உயிரோடு இருந்தார்கள். கப்பசிற்றபின் குளிசை மட்டும் எடுத்தவர்களில் அது 86 வீதம். ஹோர்மோன் சாராத கட்டிகளில் வித்தியாசம் இன்னும் கூட. ஜேர்மனியில் 2004 முதல் 2008 வரை 1,300க்கு மேற்பட்ட முதிய பெண்களைச் சேர்த்த 'ஐஸ்' ஆய்விலும், எலும்பு மருந்தோடு அதே குளிசையைக் கொடுத்துப் பெரிய பலன் காணவில்லை. வயதானவர் என்பதற்காக லேசான மருந்து போதும் என்றில்லை.

மறுபக்கமும் உண்டு. ஹோர்மோனால் வளரும் கட்டி உள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஹோர்மோன் குளிசையோடு கீமோவைச் சேர்த்தும் ஆயுள் தெளிவாகக் கூடவில்லை என 2025இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆகவே கீமோ தரவில்லை என்றால், "அகதி என்றபடியால் கைவிட்டிட்டினம்" என்று எண்ணாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

வயதை விட உடல் நிலைமைதான் முக்கியம். இருதயம், சிறுநீரகம், சலரோகம், நடை, ஞாபகம், சாப்பாடு எல்லாம் விசாரிப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்து, சித்த மருந்து, கசாயம் எதையும் மறைக்காதீர்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகள் பயத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

கீமோ நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். இரவென்றாலும் வைத்தியசாலைக்கு உடனே அறிவியுங்கள். ஆபத்தென்றால் 112. அவசரத்தில் சீட்டு இல்லாமலும் வைத்தியம் பார்ப்பார்கள்.

தஞ்ச வழக்கும் நோயும்

நோயை உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் மிக மோசமாகக் கூடிய கடும் நோய், வதிவிடச் சட்டத்தின் 60ஆம் பிரிவு 7ஆம் பந்தியின் கீழ் தடையாகக் கருதப்படலாம். அதற்கு நோயின் பெயர், கடுமை, வைத்தியம் நின்றால் என்ன நடக்கும் என்பதை எழுதிய விரிவான வைத்தியர் கடிதம் தேவை. வெறும் சீட்டு போதாது.

ஹைடெல்பேர்க்கிலுள்ள புற்றுநோய்த் தகவல் சேவையை 0800 420 30 40 இல் இலவசமாக அழைக்கலாம். ஜேர்மன் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

கட்டி தட்டுப்பட்டால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். சீட்டு எடுப்பதில் சிக்கல் என்றால், வந்த கடிதங்களோடு எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வாருங்கள்.