இறுகிய பிரேக் கேலிப்பரை வீட்டிலேயே சீர்செய்தல்

பல்கலைக்கழக வளாகங்களின் கார் நிறுத்துமிடங்களில், அப்பாவோ அண்ணனோ ஓட்டி முடித்துக் கொடுத்த பழைய கார்களுக்கு இன்றும் குறைவில்லை. அவற்றுள் ஒன்று புரோட்டோன் வீரா. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட இந்தக் கார் 1993ஆம் ஆண்டு அறிமுகமாகி 2009ஆம் ஆண்டுவரை தயாரிக்கப்பட்டது. அப்படியானால் கடைசியாக வெளிவந்த வீராவும் இன்று பதினைந்து வயதைத் தாண்டிவிட்டது. இத்தகைய கார்களுக்கு வரும் முதுமை நோய்களுள் ஒன்றுதான் பிரேக் கேலிப்பர் இறுகிப்போவது. அந்நோய் எதனால் வருகிறது, வீட்டிலேயே அதை எவ்வாறு சீர்செய்யலாம், எந்தக் கட்டத்தில் நாம் கையை எடுத்துவிட வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேலிப்பர் வேலை செய்யும் விதம்

முன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். அதன் இருபுறமும் இரண்டு பிரேக் பேட்கள் இருக்கும். அவற்றை அணைத்துப் பிடித்திருக்கும் கவ்விதான் கேலிப்பர். நாம் பிரேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் திரவத்தை அழுத்துகிறது. மூடிய திரவத்தில் ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறியதை நாம் பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். அதே விதிப்படி அந்த அழுத்தம் கேலிப்பருக்குள் உள்ள பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன் உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. உடனே கேலிப்பர் முழுவதும் இரண்டு வழுக்குப் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்துகிறது.

மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? அங்கே சுருள்வில் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வடிவ ரப்பர் வளையமே அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே செல்லும்போது இந்த வளையம் சற்றே வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துவிடுகிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது.

ஆகவே, கேலிப்பரில் நகர வேண்டியவை இரண்டு: ஒன்று பிஸ்டன், மற்றொன்று வழுக்குப் பின். இவற்றுள் எது இறுகினாலும் பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

நம் வீடுகளில் பிரேக் எண்ணெய் என்கிறோம். மலாய்மொழியிலும் மிஞாக் பிரேக் என்றே சொல்கிறார்கள். ஆனால், அது எண்ணெய் அன்று. பழைய கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சேர்ந்த இரசாயனத் திரவங்கள். பெயரால் ஏற்படும் இந்தக் குழப்பம் ஆபத்தானது. ‘எண்ணெய்தானே’ என்று எண்ணி எஞ்சின் எண்ணெயையோ சாதாரண கிரீசையோ தடவினால் பிரேக்கின் ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துவிடும். ஊதிய ரப்பர் பிஸ்டனை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் இக்கட்டுரையில் இனி பிரேக் திரவம் என்றே குறிப்பிடுவோம்.

இத்திரவத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் கொதிநிலை 140 பாகை வரை இறங்கலாம். டாட் 4 திரவத்திற்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகை. கேமரன் மலையிலிருந்தோ கெந்திங் மலையிலிருந்தோ இறங்கும் காரின் பிரேக் உரசிக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடுமே தவிர விசையைக் கடத்தாது. மிதி தரைவரை போய்விடும், கார் நிற்காது. இறுகிய கேலிப்பரைப் பெட்ரோல் செலவுப் பிரச்சனையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

உறிஞ்சப்பட்ட நீர் உள்ளிருந்து துருவை உண்டாக்குகிறது. பிஸ்டனை மூடியிருக்கும் தூசு உறை கிழிந்திருந்தால் வெளியிலிருந்து மழைநீரும் சேறும் புகுந்துவிடும். ஓடாமல் நிற்கும் காருக்கு இது இன்னும் விரைவாக வரும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட கார்களையும், 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் மூழ்கிய கார்களையும் நினைத்துப் பாருங்கள். அசையாத பிஸ்டனுக்கும் நீருக்கும் இடையே துருவுக்கு வேண்டிய காலம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

நோயைக் கண்டறிதல்

ஓட்டும்போது கார் ஒரு பக்கமாக இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுவது, கருகிய வாடை வருவது, ஒரே கேலிப்பரின் இரண்டு பேட்களில் ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். சூட்டைச் சோதிக்க டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டினாலே தெரியும்.

சந்தேகம் ஏற்பட்டால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால், கேலிப்பரின் மேலுள்ள பிளீடர் திருகைச் சற்றே திறக்க வேண்டும். திரவம் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விடுபட்டால் குற்றம் கேலிப்பருடையது அன்று. உட்புறம் சிதைந்து அடைத்துக்கொண்ட ரப்பர் குழாயோ மாஸ்டர் சிலிண்டரோ அழுத்தத்தைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. திருகைத் திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் பிஸ்டனோ வழுக்குப் பின்னோதான் காரணம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதிய கேலிப்பர் வாங்கிப் போட்டு, அதன் பிறகும் பிரேக் உரசுகிறது என்று வருந்துபவர்கள் உண்டு.

கழற்றுதல்

முதலில் அந்த மாடலுக்குரிய கேலிப்பர் ரிப்பேர் கிட் ஒன்றை உபரிப்பாகக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ரப்பர் வளையமும் தூசு உறையும் இருக்கும். புதிய கேலிப்பரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. இதோடு மூடி திறக்கப்படாத பிரேக் திரவம், பிரேக் கிளீனர், சிலிகான் கிரீஸ், புதிய செம்பு வாஷர்கள் ஆகியவையும் தேவை. ஹாஃப்-கட் கடையில் வாங்கும் பழைய கேலிப்பருக்குள்ளும் பழைய ரப்பர்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கில் தூக்கிய பிறகு ஜாக் ஸ்டாண்டின் மேல் காரை இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். இருபுறத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கழற்றாத பக்கம் மாதிரியாக இருக்கும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய பேட்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

கேலிப்பரை எடுத்ததும் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். இனி பிஸ்டனை வெளியேற்ற வேண்டும். பலர் இதற்குக் காற்றுக் குழாயைத்தான் நாடுகின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர். 3 பார் காற்றழுத்தம் கொடுத்தாலே 70 கிலோ எடைக்குச் சமமான விசை அதன் மேல் விழும். இறுகியிருந்த பிஸ்டன் திடீரென விடுபட்டால் குண்டுபோல் பாயும், எதிரே விரல் இருந்தால் நசுங்கிவிடும். காரின் மிதியையே பயன்படுத்துவது இதைவிடப் பாதுகாப்பானது. கேலிப்பரின் வாயில் மரத்துண்டு ஒன்றை வைத்துவிட்டு, நண்பரை மிதியை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஏறக்குறைய முழுவதும் வந்த பிறகு ரப்பர் குழாயைக் கழற்றி, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துப் பிஸ்டனைக் கையால் எடுத்துவிடலாம்.

தூய்மையும் தீர்ப்பும்

பழைய ரப்பர் வளையத்தை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ நெம்பி எடுங்கள். திருப்புளி பட்டால் உட்சுவரில் கீறல் விழும், கீறல் வழியே திரவம் கசியும். பாகங்களைப் பிரேக் கிளீனரால் மட்டும் கழுவுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ரப்பர் வளையம் அமரும் பள்ளத்தை மிகக் கவனமாகத் துப்புரவு செய்ய வேண்டும். பலர் பிஸ்டனைப் பளபளவென்று தேய்த்துவிட்டு இந்தப் பள்ளத்தை மறந்துவிடுகின்றனர். பள்ளத்தில் துருப்படிந்திருந்தால் அது புதிய வளையத்தையும் பிஸ்டனோடு நெருக்கும். சில வாரங்களில் கேலிப்பர் மீண்டும் இறுகிவிடும்.

பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வளையம் உரசும் இடத்தில் பிஸ்டனின் குரோம் பூச்சு உரிந்தோ குழி விழுந்தோ இருந்தால் புதிய பிஸ்டன் வாங்குங்கள். தேய்த்துச் சரிசெய்ய முயன்றால் எஞ்சிய பூச்சும் போய்விடும். சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய துரு மட்டும் இருந்தால் பிரேக் திரவத்தில் நனைத்த மிக நுண்ணிய மணல்தாளால் மென்மையாக நீக்கலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் அந்தக் கேலிப்பரை வீசிவிட வேண்டியதுதான். இங்கே சிக்கனம் பார்ப்பது தகாது.

மீண்டும் பொருத்துதல்

கைகளைக் கழுவிவிட்டு, புதிய வளையத்தைப் புதிய திரவத்தில் நனைத்து, முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் அமர்த்துங்கள். தூசு உறையையும் பொருத்தி, பிஸ்டனை நேராக வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்தினால் சீராக உள்ளே செல்லும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் எங்கோ தவறு இருக்கிறது, நிறுத்திவிட்டுப் பாருங்கள். வழுக்குப் பின்களின் துருவை நீக்கிச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். கைப்பிரேக்கும் இணைந்த பின்புறக் கேலிப்பர்களில் பிஸ்டன் பெரும்பாலும் திருகி உள்ளே செல்லும் அமைப்பு உடையது. அதை நேராக அழுத்தினால் உடைந்துவிடும்.

குழாயைப் புதிய செம்பு வாஷர்களோடு பொருத்தி, போல்ட்டுகளைக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் கூறப்பட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். அடுத்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பிளீடரில் தெளிவான குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைத் திரவமுள்ள புட்டியில் மூழ்கவிடுங்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் பிளீடரைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே மிதியை விட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதைத் தொடருங்கள். இடையில் மேலுள்ள தொட்டி வற்றிவிடக் கூடாது. திரவம் காரின் சாயத்தை அரிக்கும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெளியேறிய திரவத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், கால்வாயிலும் கொட்டாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன்

எஞ்சினை இயக்கி, மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியான பிறகே கியரைப் போடுங்கள். ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து எங்கேனும் கசிகிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதி பஞ்சுபோல் இருந்தாலோ மெல்ல இறங்கினாலோ காரை நகர்த்தாதீர்கள். தயக்கமின்றி ஒரு மெக்கானிக்கை அழையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆளில்லாத இடத்தில் மிகக் குறைந்த வேகத்தில் சோதித்துவிட்டுப் பிறகு சாலைக்கு வாருங்கள். முதன்முறையாகச் செய்பவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இவ்வேலைக்கு உடல் வலிமை அதிகம் தேவையில்லை. தூய்மையும் பொறுமையும், எதை வைத்துக்கொள்வது, எதை வீசிவிடுவது என்ற நேர்மையான தீர்ப்புமே தேவை. ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றி வந்தால் உள்ளிருந்து பிறக்கும் துருவைப் பெருமளவு தடுத்துவிடலாம். ஒரு புட்டித் திரவத்தோடு முடியும் அந்த வேலையைத் தள்ளிப்போடுவதால்தான் பல கேலிப்பர்கள் இறுகுகின்றன. இந்த விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் முன் உங்கள் காரின் பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் அதுவே போதுமான பதில்.